பந்தயம் முடிந்த மூன்றாம் நாள் மலையேற முடியுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவில் ஸ்பெயினைச் சேர்ந்த மலை ஓட்ட வீரர் கீலியன் ஜோர்னெட்டின் 2024 ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார். முழுசாகவே படிக்கிறேன்.

"ஆகஸ்ட் 10 அன்று சியேர்-சினால் பந்தயத்தை ஓடி ஜெயித்தவர், 13ஆம் தேதியே ஆல்ப்ஸ் சிகரங்களை ஏறத் தொடங்கிவிட்டார் என்கிறீர்கள். அரை மாரத்தான் ஓடினாலே எனக்கு மூன்று நாளைக்கு மாடிப்படி இறங்க முடிவதில்லை. அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது? பந்தய வாரத்தில் பயணம், பயிற்சி, ஓய்வு மூன்றையும் எப்படி வைத்துக்கொள்வது? அடுத்த மாதக் கடைசியில் எனக்கு முதல் மலைப் பந்தயம் இருக்கிறது."

நல்ல கேள்வி. இதில் பாதி பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். "மாடிப்படி இறங்க முடிவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற முடிவதில்லை என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

அதற்கு முன்னால், புதிதாகப் பார்ப்பவர்களுக்காகப் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது சியேர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர், உயரம் சுமார் 570 மீட்டர். அங்கிருந்து மலைமேல் இருக்கும் சினால் கிராமம் வரைக்கும் 31 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 2200 மீட்டர், இறக்கம் 1100 மீட்டர். 1974லிருந்து நடக்கிறது, ஆரம்பித்தவர் ஜான்-குளோத் பான் என்ற பேராசிரியர். வழியில் வைஸ்ஹார்ன், சினால்ரோட்ஹார்ன், ஓபர் காபல்ஹார்ன், மாட்டர்ஹார்ன், டான் பிளான்ஷ் என்று 4000 மீட்டருக்கு மேற்பட்ட ஐந்து சிகரங்கள் கண்ணில் படும். அதனால் ஐந்து நாலாயிரங்களின் பந்தயம் என்றே இதற்கு இன்னொரு பெயர்.

ஜோர்னெட் 2019ல் இதை 2 மணி 25 நிமிடம் 35 விநாடியில் ஓடிச் சாதனை வைத்தார். அதற்கு முன் 2003ல் நியூசிலாந்தின் ஜோனதன் வயட் வைத்த 2 மணி 29 நிமிடம் 12 விநாடி பதினாறு வருஷம் அசையாமல் இருந்தது. 2024ல் ஜோர்னெட் மறுபடி வந்தார். 2 மணி 25 நிமிடம் 34 விநாடி. ஒரே ஒரு விநாடி குறைவு. அங்கே அவருக்கு அது பத்தாவது வெற்றி. அப்போது அவருக்கு வயது 36. இந்த ஒரு விநாடியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. ஐந்து வருஷம் கழித்து, அதே மலையில், அதே ஆள்.

சரி, அப்படி முழு வேகத்தில் ஓடியவர் மூன்று நாள் கழித்து கிழக்கு சுவிட்சர்லாந்துப் பக்கம் போய் பிட்ஸ் பெர்னினாவில் தொடங்கினார். ஆல்ப்ஸில் 4000 மீட்டரைத் தாண்டும் 82 சிகரங்களையும் 19 நாளில் ஏறி முடித்தார். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடை, ஓட்டம், சைக்கிள் மட்டும்தான். மொத்தம் 1207 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 75,000 மீட்டருக்கு மேல். ஆகஸ்ட் 31 அன்று பிரான்ஸில் பார் தெ சேக்ரான் சிகரத்தில் முடிந்தது. 2015ல் சுவிஸ் மலையேற்ற வீரர் யூலி ஸ்டெக் இதே 82 சிகரங்களுக்கு எடுத்துக்கொண்டது 62 நாள். அவரும் சாதாரண ஆள் கிடையாது. பந்தயத்தில் ஓடும்போது பக்கவாட்டில் பார்த்த அந்த ஐந்து சிகரங்களின் உச்சியிலும், மூன்று வாரத்துக்குள் ஜோர்னெட் நின்றுவிட்டார்.

இப்போது உங்கள் மாடிப்படிக்கு வருகிறேன்.

கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பீர்கள், இல்லையென்றால் பார்த்திருப்பீர்கள். வாளியை மேலே இழுக்கும்போது கை சோர்ந்துபோகும், மூச்சு வாங்கும். ஆனால் நிறைந்த வாளியைக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள். மூச்சு வாங்காது, உள்ளங்கைதான் எரியும். தொடைத் தசையும் அப்படித்தான். ஏறும்போது அது சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, அதாவது பிரேக் பிடிக்கிறது. அந்த வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலியும் உடனே தெரியாது. ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். உங்கள் மூன்று நாள் கணக்கு இதுதான்.

ஆனால் தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தடவை இறக்கத்தில் அடிபட்டு ஆறிவிட்டால், அடுத்த தடவை அதே இறக்கம் அவ்வளவு பாதிக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். ஜோர்னெட் பிரனீஸ் மலையில் சுமார் 2000 மீட்டர் உயரத்தில், அப்பா பார்த்துக்கொண்ட மலைத் தங்குவிடுதியில் வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்து இறங்கி இறங்கி ஊறிய கால் அது. நமக்கு மூன்று நாள் படுக்க வைக்கிற இறக்கம் அவருக்கு ஒரு நாள் அசதி. அந்தக் காலை நாம் ஒரு மாதத்தில் வாங்க முடியாது. ஆனால் அது எந்த வழியில் வந்ததோ, அந்த வழியில் கொஞ்ச தூரம் நாமும் போகலாம்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் தடவை சியேர்-சினால் ஓடப் போனபோது பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு ஜெனீவாவில் இறங்கினேன். ஏர்போர்ட்டுக்குள்ளேயே ரயில் நிலையம். ஏரிக்கரை ஓரமாகவே போய், மார்டினி, சியோன் தாண்டி, சுமார் இரண்டு மணி நேரத்தில் சியேர். அங்கிருந்து சினாலுக்கு மஞ்சள் நிறத் தபால் பஸ். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் டிரைவர் மூன்று சுரத்தில் ஹாரன் அடிப்பார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் கீழே போய்விடும். இதை ஓடியா ஏறப் போகிறோம் என்று வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் காலை, சூரியன் பட்டதும் டான் பிளான்ஷ் பனியோடு மின்னுகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறையில் உட்கார்ந்திருக்க மனசு வருமா? மேலே ஏறிப் பந்தயத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஓட்டல் வைஸ்ஹார்ன் என்று மலைமேல் தனியாக ஒரு பழைய ஓட்டல் இருக்கிறது, 2300 மீட்டர் உயரத்துக்கு மேல். அதுவரை போய்விட்டு அங்கிருந்து சினாலுக்குத் திரும்பினேன். பாதை அருமை. லார்ச் மரங்கள், வேர்கள், தளர்ந்த மண். காலுக்குக் கீழே பாதை தானாக ஓடுகிற மாதிரி இருந்தது. அடக்க முடியாமல் முழு வேகத்தில் இறங்கினேன். அன்றைக்கு ஒரு வலியும் இல்லை. ராத்திரி சோறு சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பந்தயம் அதற்கு இரண்டு நாள் கழித்து. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், வலி உச்சத்துக்குப் போகும் நாள் எது என்று.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் 7, 8 கிலோமீட்டரில் மட்டும் ஏறத்தாழ 1300 மீட்டர் ஏற வேண்டும், அதை நன்றாகவே ஏறினேன். ஷான்டொலான் கிராமத்தில் ஜனங்கள் மாட்டு மணியை ஆட்டி ஆட்டிக் கூவுகிறார்கள், நானும் சிரித்துக்கொண்டேதான் கடந்தேன். பாதையின் உச்சி நாவா என்ற இடம், 2425 மீட்டர். அங்கிருந்து கடைசி ஏழு கிலோமீட்டரில் 750 மீட்டர் இறங்க வேண்டும். முதல் செங்குத்தான இடத்தில் வலது காலை வைத்தேன், முட்டி மடங்கிக்கொண்டே போனது. தாங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த லார்ச் மரத்தைக் கட்டிக்கொண்டேன். கையெல்லாம் பிசின். அப்புறம் கடைசி வரைக்கும் மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினேன். ஏற்றத்தில் நான் தாண்டி வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அழுகை வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவு ஆசையாகப் போன பந்தயம் அது.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். பந்தய வாரத்தில் புதிதாக எந்தப் பலமும் உடம்பில் சேராது. சேர வேண்டியது அதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாமல் தொடக்கக் கோட்டில் போய் நிற்பதுதான் அந்த வாரத்து வேலை. கடுமையான இறக்கப் பயிற்சியைப் பந்தயத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். வலிக்கட்டும், ஆறட்டும். பந்தய வாரத்தில் இறக்கம் வேண்டவே வேண்டாம். பாதையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நடந்து இறங்குங்கள், இல்லையென்றால் ஏறிவிட்டு பஸ்ஸிலோ கேபிள் காரிலோ கீழே வாருங்கள். அடுத்த வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். எந்த வேர் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த வளைவில் மண் சரியும் என்று நின்று நின்று பார்த்து நடந்தேன். நடக்கிற கால் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேர வித்தியாசத்துக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோர்னெட் இருப்பது நார்வேயில், கடிகாரத்தையே மாற்ற வேண்டியதில்லை. கென்யாவிலிருந்து வருபவர்களுக்குக் கோடையில் ஒரு மணி நேரம்தான். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வருபவர்களுக்கு எட்டு மணி நேரம், அவர்கள் பாடு சிரமம். இந்தியாவிலிருந்து மூன்றரை மணி, அதுவும் மேற்கு நோக்கி, அதனால் ஓரளவு எளிது. விமானத்தில் ஷூவையும் பந்தய உடையையும் கைப்பையிலேயே வையுங்கள். மற்றதெல்லாம் போனாலும் வாங்கிக்கொள்ளலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது.

உயரத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 2400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சு சீக்கிரம் வாங்கும், அவ்வளவுதான். ஒழுங்காகப் பழக இரண்டு, மூன்று வாரம் வேண்டும், அவ்வளவு லீவு நமக்கு யார் தருவார்கள்? வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

சாப்பாடு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சின்ன மின்சார அரிசி குக்கர் ஒன்று என் பெட்டியில் எப்போதும் இருக்கும். அங்கே ராக்லெட் என்று பாலாடைக்கட்டியை உருக்கி உருளைக்கிழங்கோடு தருவார்கள். பிரமாதமாக இருக்கும். ஆனால் அதைப் பந்தயம் முடிந்த ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி எனக்குச் சோறும் தயிரும்தான். வயிறு அறியாத எதையும் அன்றைக்குக் கொடுப்பதில்லை.

ஏற்றத்தில் நடந்தால் அது ஓட்டமா என்று சிலர் கேட்பதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். செங்குத்தான இடத்தில் தொடையில் கையை ஊன்றி நடப்பதுதான் சிக்கனம். முன்னணி வீரர்களும் செய்வார்கள். வெட்கப்படவே வேண்டாம். சியேர்-சினாலில் நடப்பவர்களுக்கென்றே ஒரு பிரிவு விடிவதற்கு முன்பே கிளம்பும், தலையில் விளக்கோடு. இருட்டில் மலைமேல் அந்த வெளிச்ச வரிசை நகர்வதைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன், கார்த்திகை தீபம் மாதிரி.

பந்தயத்துக்கு மறுநாள் மலைக்குப் போகலாமா? போகலாம், ஏற்றமாக, மெதுவாக. இரண்டாம் வருஷம் நான் ஷான்டொலான் பக்கம் போய், மரத்தொட்டியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே வைஸ்ஹார்ன். அந்த அரை மணி நேரத்துக்காகவே மறுபடி போவேன்.

உங்கள் பந்தயம் அடுத்த மாதக் கடைசி என்றால் இன்னும் அவகாசம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உள்ள ஏதாவது மலையில் ஏறி, இறக்கத்தில் 20 நிமிடம் ஓடி வாருங்கள். குட்டையான அடிகள் வையுங்கள், உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். அப்புறம் பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. முதல் தடவை எத்தனை நாள் மாடிப்படி வலித்தது, இரண்டாம் தடவை எத்தனை நாள் என்று இரண்டையும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கை வைத்து அடுத்ததைப் பேசுவோம்.