கைதானே ஆடுகிறது

மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் நீதிபதி ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி, நான் எழுதி வந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, முதல் வரிசையை நிறைத்திருக்கும் மூத்த குடிமக்கள் சங்கத்துப் பெரியோரே, அவர்களை இங்கே அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பட்டியல் பாதி வழியில்தான் என் கைக்கு வந்தது.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். உடல் தளர்ந்தாலும் புத்தி தெளிவாக இருப்பவருக்கு, அவர் காரியங்களைப் பார்க்கச் சட்டப்படி ஒரு துணையாள் எதற்கு? அந்தத் துணையை யார் கண்காணிப்பது? வங்கிகள் என்ன செய்ய வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்தால் என்கிற பழமொழியும் நடுநடுவே வரும். என்னை அறிந்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில் என் அத்தை கதை. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்ததும் கையெழுத்து மாறிவிட்டது. வைப்புத்தொகையை எடுக்க ஒரு வங்கிக்கு அழைத்துப் போனேன். ஊழியர் பழைய கையெழுத்து அட்டையைப் பார்க்கிறார், படிவத்தைப் பார்க்கிறார். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன சார் வேணும்?" என்கிறார். அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்! "கோர்ட்டுல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டா உங்களுக்கும் ஈஸி" என்று யோசனை வேறு. அதாவது, அத்தைக்குப் பதில் இனி நானே முடிவெடுக்க ஒரு நீதிமன்ற உத்தரவு. அத்தை படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "தம்பி, ஒரு நாள் வட்டி விடுபட்டிருக்கு. கைதானே ஆடுது, என் கணக்கு ஆடலையே" என்றார். ஊழியர் மறுபடி போட்டுப் பார்த்தார். விடுபட்டுத்தான் இருந்தது. நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த யோசனை ஒரு நிமிடம் எனக்கும் வசதியாகத்தான் பட்டது. வேலியே பயிரை மேய்வது இப்படி வசதியில்தான் தொடங்குகிறது.

ரஷ்யக் குடியியல் சட்டத்தில் 41ஆம் பிரிவைப் பாருங்கள். முழுச் சட்டத்தகுதி, அதாவது தன் காரியங்களைத் தானே முடிவு செய்யச் சட்டம் தரும் உரிமை, உள்ளவர் உடல்நலக் குறைவால் தன் காரியங்களைப் பார்க்க முடியாமல் போனால் ஓர் உதவியாளரை நியமிக்கலாம். அதற்கு அவரே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். தகுதி அவரிடமே இருக்கும். அவருக்குச் சமூக சேவை வழங்கும் நிறுவனத்தின் ஊழியர் அந்த உதவியாளராக முடியாது. வேலி விஷயம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! ஜெர்மனி 1992இல் வயதுவந்தவர்களின் சட்டத்தகுதியைப் பறிக்கும் பழைய முறையையே எடுத்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத்தகுதி உண்டு என்று 2006இல் ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்லியாயிற்று.

எனக்குப் பிடித்தது ஜப்பான் 2000இல் கொண்டுவந்த ஏற்பாடு. நன்றாக இருக்கும்போதே தன் துணையாளரைத் தானே தேர்ந்து, ஆவண அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதிவைக்கலாம். பிற்பாடு புத்தி தளர்ந்தால், குடும்ப நீதிமன்றம் ஒரு மேற்பார்வையாளரை நியமித்த பிறகுதான் அது செயலுக்கு வரும். வேலிக்கும் ஒரு காவல்.

நான் ஊர் ஊராகக் கேட்பதும் இதைத்தான். தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள். இன்னாருக்கு இன்ன காரியத்துக்கு மட்டும் அதிகாரம், நினைத்தால் ரத்து, கணக்கைப் பார்க்க மூன்றாவது ஆள் ஒருவர். இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். வீடு, நிலம், பணம் எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில் ஒருவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். வங்கிகளைப் பற்றி அம்மையாரே பேசிவிட்டார், மிச்சத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். அத்தை இப்போது எனக்கு இரண்டு காரியங்களுக்கு மட்டும் அதிகாரம் தந்திருக்கிறார். மாதா மாதம் கணக்கு நோட்டைக் காட்ட வேண்டும். போன மாதம் ஒரு ரசீதை ஒட்ட மறந்தேன். அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பிவிட்டார். சுழி கோணல்மாணலாகத்தான் இருந்தது.