சுவரில் மூன்று மீட்டர்

மாண்புமிகு தலைவர் அவர்களே, நகரமைப்புத் துறையின் மூத்த பொறியாளர்களே, மாமன்ற உறுப்பினர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் பேசி முடித்த பேராசிரியர் அவர்களே, பின்வரிசையில் நிற்கும் குடியிருப்போர் சங்கத்தாரே, வணக்கம்.

நகர விரிவு, குடிநீர், பேருந்து என மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன் ஏர் போன வழியே பின் ஏர் என்பார்கள். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவைப் போட்டு இருபுறமும் மனை விற்றுவிட்டால் தலைமுறைக்கும் அசையாது.

இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்லையோடு கொல்லை, நடுவே சுற்றுச்சுவர். இங்கே குழந்தை அழுதால் அங்கே தூக்கம் கலையும். இந்த வீட்டம்மாவுக்கு ஏணி வேண்டும்; அந்த வீட்டில் இருக்கிறது. நேராகப் பார்த்தால் 40 மீட்டர். கிளம்புகிறார். முட்டுச்சந்து, உள்தெரு, நுழைவாயில், நெடுஞ்சாலை, அடுத்த குடியிருப்பின் நுழைவாயில், உள்தெரு, மறுபடி முட்டுச்சந்து. 1,600 மீட்டர்! ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்ப இன்னொரு 1,600. சுவர்மேலேயே நீட்டலாமே என்கிறீர்கள். நீட்டலாம், கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறதே! நடந்த தூரத்தை நேர்த்தூரத்தால் வகுத்தால் 40. கட்டம் கட்டமாகத் தெருப் போட்ட ஊரில், சற்றுத் தள்ளிய இடங்களுக்கு இது ஏறக்குறைய 1.4-க்குள் நிற்கும்.

உங்கள் பகுதி வரைபடத்திலும் ஒரு கணக்குப் போடலாம். சந்திப்புகளும் முட்டுகளும் முனைகள். தெருத்துண்டுகளை எண்ணி முனைகளால் வகுங்கள். சுற்றிவர வழியே இல்லாத மனைப்பிரிவில் முனை 20 என்றால் துண்டு 19, விகிதம் 0.95. நல்ல இணைப்புக்கு 1.4 ஆவது வேண்டும்.

அமெரிக்காவில் 1929-இல் எழுந்த ராட்பர்ன் என்ற குடியிருப்பில் முட்டுச்சந்து காருக்கு மட்டும்தான். நடப்பவருக்குத் தனிப்பாதை இருந்தது. பின்வந்தவர்கள் முட்டுச்சந்தை நகலெடுத்தார்கள், பாதையை விட்டுவிட்டார்கள். முன் ஏர் போன வழியில்கூடப் பாதிதான் போனார்கள்!

தெரு முட்டினால் குடிநீர்க் குழாயும் முட்டும். கடைக்கோடியில் நீர் தேங்கும், குளோரின் குறையும், வண்டல் படியும். வளையமாக இணைத்தால் ஒருபக்கம் உடைந்தாலும் மறுபக்கத்திலிருந்து வரும்.

அதனால்தான் கேட்கிறோம்: முட்டும் ஒவ்வொரு தெருவின் நுனியிலிருந்தும் எல்லைவரை 3 மீட்டர் நடைவழி விட்டால்தான் மனைப்பிரிவுக்கு அனுமதி. அதை உள்ளாட்சிக்கே எழுதிக்கொடுக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் விட்டால் கேட்டும் பூட்டும் வந்துவிடும். நடுவே ஒரு கம்பம் போதும், கார் நுழையாது, சைக்கிள் நுழையும். பக்கத்து நிலத்துக்காரர் மனை பிரிக்கும்போது அந்த நுனியிலிருந்தே தொடங்க வேண்டும். இங்கே மட்டும் முன் ஏர் போன வழியே பின் ஏர் போகட்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேருந்து இன்னொரு மேடைக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுப் போங்கள்.