குருவிக்கு ஒட்சிசன் சிலிண்டரா? நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஏன் நடக்கினம்?

[திரையில்: கைப்பிடி வைத்த சின்னக் கூடு]

இந்தக் கூட்டை வடிவாப் பாருங்கோ. உள்ளுக்க மஞ்சள் குருவி. மேல ஒட்சிசன் சிலிண்டர்! இது நிலக்கரிச் சுரங்கச் சாமான். இப்பிடியான பழசுகளைக் காப்பாத்தத்தான் பிரித்தானியாவில சனம் மழைக்குள்ளயும் மைல் கணக்கில நடந்து காசு சேர்க்குது. என்ன விசயம்?

வணக்கம் உறவுகளே! யாழ்ப்பாணத்தில இருந்து கதைக்கிறன்.

வரலாறு கெதியாச் சொல்லுறன், ஓடிப்போகாதேங்கோ. ஒரு காலம் பிரித்தானியச் சுரங்கங்களில பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்கள் வேலை செய்தவை. 1984-85 இல பெரிய வேலைநிறுத்தம். பிறகு ஒண்டொண்டாப் பூட்டினாங்கள். கடைசி ஆழச் சுரங்கம், யோர்க்சயரில இருந்த கெலிங்லி, 2015 டிசம்பரில மூடுப்பட்டுது. வரலாறு முடிஞ்சுது.

இப்ப குருவிக்கு வருவம், எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

[திரையில்: கூட்டின் வட்டக் கதவு, கிட்டவாக]

சுரங்கத்தில வெடிப்பு, தீ வந்தா காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு பரவும். நிறமில்லை, மணமில்லை. சுவாசிக்கிற ஆளுக்கே தெரியாமல் ஆளை விழுத்தும். ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் எண்ட விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார்: கனேரிக் குருவியைக் கொண்டு போங்கோ. சின்ன உடம்பு, வேகமான மூச்சு. மனுசனுக்கு முந்தி அது மயங்கும். குருவி தடியில ஆடுதா? ஆக்கள் வெளிக்கிட வேண்டியதுதான்.

அப்ப குருவி பாவம் எண்டு நினைப்பியள். அதுக்குத்தான் சிலிண்டர்! குருவி விழுந்த உடன வட்டக் கதவை இறுக்கிப் பூட்டி, வால்வைத் திறந்துவிடுவினம். உள்ளுக்க ஒட்சிசன் நிரம்ப, அது திரும்ப எழும்பும். தங்கட உயிருக்கு ஓடுற நேரத்திலயும் குருவிக்கு முதலுதவி செய்யக் கருவி கட்டின மனுசர், பாருங்கோ! 1986 இலதான் குருவிகளுக்குப் பதிலா மின்னணுக் கருவி எண்டு முடிவெடுத்தவை. குருவியளுக்கு ஓய்வூதியம் குடுத்தவையோ தெரியேல்லை.

வேல்ஸில பிக் பிட் எண்ட சுரங்கம் 1980 இல மூடி, 1983 இல காட்சியகமாத் திறந்தது. 90 மீற்றர் கீழ கூட்டிக்கொண்டு போவினம். ஆனா போன், பற்றரி மணிக்கூடு, லைட்டர் எல்லாம் மேலயே குடுக்கோணும். மீதேன் எண்ட எரியிற வாயு இருக்கிற இடத்தில சின்னப் பொறியும் ஆபத்து. போன் இல்லாமல் வீடியோக்காரன் என்ன செய்யிறது?

பிக் பிட் மாதிரிப் பெரிய இடங்களுக்கு அரசாங்கக் காசு வரும். ஊர்ச்சங்கங்கள் பாக்கிற சின்ன இடங்கள்தான் பாவம். சுரங்க வாயில நிக்கிற இரும்புக் கோபுரத்துக்குத் துரு, கூரைக்கு ஒழுக்கு. அதுக்குத்தான் நடை. ‘நான் இவ்வளவு தூரம் நடக்கிறன், நீங்கள் மைலுக்கு இவ்வளவு தாங்கோ’ எண்டு சொந்தக்காரரிட்டக் கேப்பினம்.

எங்கட பாடசாலை நடைபவனி மாதிரித்தான்! பாண்ட் வாத்தியம், ஒரே நிற ரீசேட், வெளிநாட்டுப் பழைய மாணவர் காசு. இதில எங்களை ஆரும் வெல்லேலாது.

ஆனா நாங்கள் ஏன் பள்ளிக்கூடத்தோட நிக்கிறம்? காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950 இல தொடங்கினது. எங்கட காலுக்குக் கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லும், முருங்கனில இருந்து வந்த களிமண்ணும் சேர்ந்துதான் அந்தச் சீமெந்து. 1990 இல போரோட நிண்டது. எத்தனை குடும்பம் அதில சாப்பிட்டது! என்னைக் கேட்டா, ஆலையைத் திரும்பத் திறக்கிறதா இல்லையா எண்ட சண்டை ஒருபக்கம் நடக்கட்டும். அங்க வேலை செய்தவையின்ர கதையைச் சேர்க்க ஆற்ற அனுமதியும் தேவையில்லை.

உங்கட வீட்டில அப்பாவோ அம்மப்பாவோ அந்த ஆலையில இருந்தவரா? அடையாள அட்டை, சம்பளச் சிட்டை, குறூப் போட்டோ, எதையும் எறியாதேங்கோ. கமெண்டில ஊரை மட்டும் போடுங்கோ, கமராவோட வாறன். தேத்தண்ணி உங்கட பொறுப்பு.