1,864 வளைவுகளும் ஒரு நூல்கண்டும்

வணக்கம் நேயர்களே.

முப்பது வருடம் நிலம் அளந்து சம்பளம் வாங்கியவன் நான். சங்கிலி, நாடா, தியோடலைட், கடைசிக் காலத்தில் ஜி.பி.எஸ். என்று எல்லாவற்றையும் தோளில் சுமந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு சுமப்பது ஒரு ஹெல்மெட் மட்டும். வெளிநாடு போய் மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்க்க எப்படித் திட்டம் போடுவது என்று பேசத்தான் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நிலம் அளப்பதைப் பற்றிப் பேச அல்ல. ஆனாலும் அளவைப் பற்றிப் பேசாமல் எனக்கு வாய் நிற்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி, சொந்த பைக்கைக் கொண்டு போகலாமா என்பது. நாம் இருப்பது இலங்கைத் தீவில். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் விட்ட கப்பல் ஆட்களைத்தான் ஏற்றுகிறது, வாகனத்தை ஏற்றுவதில்லை. பெட்டியில் அடைத்துச் சரக்குக் கப்பலில் அனுப்பலாம். இந்தியா போன்ற நாடுகளுக்கு அதற்குக் 'கார்னே' என்று ஒரு சுங்கப் பத்திரம் வேண்டும், பெரிய தொகையைப் பிணையாக வைக்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சுற்றுகிறவர்கள் அதைச் செய்யட்டும். பத்து நாள் லீவு கிடைத்தவர்கள் போன இடத்தில் வாடகைக்கு எடுங்கள். அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிடுகிறேன்.

அடுத்தது, எந்த நாடு? முதல் தடவை போகிறவருக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: நம்மைப் போல வீதியின் இடது பக்கம் ஓடுகிற நாடாகப் பாருங்கள். இந்தியா, நேபாளம், மலேசியா, தாய்லாந்து எல்லாம் இடது. வியட்நாம் வலது. வலது பக்கம் ஓடுவது பெரிய வித்தை இல்லை, நெரிசலில் முன்னால் போகிறவனைப் பார்த்தே ஓடிவிடலாம். காலை ஆறு மணிக்கு ஒருவரும் இல்லாத சந்தியில் திரும்பும்போதுதான் ஆபத்து. கை பழக்கப்படி காலி வீதிக்குப் போய்விடும். காலி வீதி என்றால் நம்முடைய கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைக் காலி வீதி. அங்கே நாம் பிடிக்கிற பக்கத்தைத்தான் கை பிடிக்கும்.

நான் போனது தாய்லாந்தின் வடக்கு. சியாங் மாய் நகரத்தில் புறப்பட்டு, பாய், மே ஹொங் சோன், மே சரியாங் என்று மலைகளைச் சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வருகிற ஒரு வட்டம். மொத்தம் கிட்டத்தட்ட 600 கிலோமீற்றர். அதில் 1,864 வளைவுகள் இருப்பதாக மே ஹொங் சோனில் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, கதைக்கு வருகிறேன். வெள்ளவத்தை வீட்டில் இருந்துகொண்டு போனில் பார்த்தேன். சியாங் மாயிலிருந்து பாய் வழியாக மே ஹொங் சோன் 240 கிலோமீற்றர் என்று காட்டியது. ஃபூ, 240 தானே! கொழும்பிலிருந்து வவுனியா அளவுதான். வவுனியாவுக்கு நானும் மனைவியும் எத்தனை தடவை பைக்கில் போயிருக்கிறோம். காலையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டால் பின்னேரம் நாலு மணிக்கு மே ஹொங் சோனில் காலை நீட்டிப் படுக்கலாம். அப்படி நினைத்து அங்கே அறையும் பதிந்துவிட்டேன்.

முதல் 35 கிலோமீற்றர் சமதரை. பிறகு மே மாலை என்கிற ஊரில் இடது பக்கம் திரும்ப வேண்டும். மே மாலை! நமக்கு ஏதோ கவிதைத் தலைப்புப் போலக் கேட்கிறது. தாய் மொழியிலும் பூமாலைக்கு மாலை என்றுதான் சொல்கிறார்கள். சந்தையில் மல்லிகைப் பூவைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள், மனைவி ஒன்று வாங்கி பைக் கைபிடியில் கட்டினார். அதுவரைக்கும் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை.

அதற்குப் பிறகு மலை. சியாங் மாய்க்கும் பாய்க்கும் இடையில் மட்டும் 762 வளைவு என்று சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை, மனைவியின் ஹெல்மெட் எண்ணியது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிப்பேன், பின்னால் இருக்கிறவரின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். வளைவு முடிந்து வேகம் எடுத்தால் அவர் பின்னால் சாய்வார். அடுத்த வளைவு, மறுபடி 'டொக்'. முதல் ஐம்பது வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். நூறுக்குப் பிறகு நான் மட்டும் சிரித்தேன். இருநூறுக்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பாய்க்குப் போய்ச் சேர பின்னேரம் மூன்று மணி. பாதித் தூரத்தை இப்போதுதான் தாண்டியிருக்கிறோம். மனைவி இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடை வாங்கில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்கள் இதில வாங்கோ. நான் பஸ்ஸில வாறன்." நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். விடவில்லை. "முப்பது வருசமா ஊரார் காணியை எல்லாம் அளந்தனீங்கள், போற றோட்டை அளக்கேல்லையோ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

அன்றிரவு பாயிலேயே தங்கினோம். பதிந்த அறைக்குக் கட்டிய காசு போனது போனதுதான். என் ஜக்கெட்டில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. அதைத் தைக்க மனைவி ஊசி நூல் எடுத்தார். மேசையில் விடுதிக்காரர் கொடுத்த வரைபடம் விரிந்து கிடந்தது. தைத்து முடித்த கையோடு, மிச்ச நூலை அந்த வீதியின் மேல் வைத்து, வளைவுக்கு வளைவு விரலால் அமத்தி அமத்திக் கொண்டுபோனார். மே ஹொங் சோனில் நூலைக் கிள்ளினார். பிறகு அதே நூலை நேராகப் பிடித்து இரண்டு ஊருக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். நூல் ஊரைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. "இஞ்ச பாருங்கோ, ரெண்டு மடங்கு."

சரியாகவே சொன்னார். அந்த இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 120 கிலோமீற்றர் அளவுதான். வீதியில் 240. இப்போது நம்முடைய பக்கத்தைப் பாருங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 300, வீதியில் கிட்டத்தட்ட 400. ஒன்றே கால் மடங்குக்குச் சற்றுக் கூட. வவுனியாப் பாதையும் அதே மாதிரித்தான். ஆனால் கண்டியிலிருந்து மஹியங்கனை நேர்கோட்டில் 40, வீதியில் 70க்கும் மேல். அதுதான் 18 வளைவுப் பாதை. போனவர்களுக்குத் தெரியும், 70 கிலோமீற்றர் என்றால் அங்கே எவ்வளவு நேரம் என்று.

அதனால் நான் எங்கே போனாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வீதித் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றே கால் பக்கம் நின்றால் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று கணக்குப் போடலாம். இரண்டுக்குப் பக்கத்தில் போனால் 25, மிஞ்சிப் போனால் 30. இதில் தேத்தண்ணிக்கு நிற்பது, போட்டோ எடுக்க நிற்பது, வழி தவறுவது எல்லாம் அடக்கம். பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டாம். அப்படிப் பார்த்தால் 240 மலைக் கிலோமீற்றர் இரண்டு நாள் வேலை. நான் ஒரு நாள் என்று போட்டிருந்தேன். வளைவை எண்ணுங்கள் நேயர்களே, கிலோமீற்றரை எண்ணாதீர்கள்.

இரண்டு தூரத்தையும் இப்போது போனே காட்டும், நூல் தேவையில்லை. ஆனால் போன் சொல்கிற நேரத்தை நம்ப வேண்டாம், அது பின்னால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. நூலிலும் ஒரு குறை உண்டு. சின்ன வரைபடத்தில் சின்ன வளைவுகளை நேராக்கி வரைந்துவிடுவார்கள், அதனால் நூல் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். உயரக் கோடுகளைப் பார்த்து ஏற்றத்தைக் கண்டுபிடிப்பதையும் சொல்ல ஆசைதான். படம் வரையாமல் சொன்னால் உங்களுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். விட்டுவிடுகிறேன்.

பத்திரங்களுக்கு வருவோம். இது சலிப்பான விஷயம், ஆனால் இதில் பிழை விட்டால் மற்றதெல்லாம் வீண். நம் சாரதி அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பிரிவு. 100 சி.சி.க்கு உட்பட்டது ஏ1, அதற்கு மேல் ஏ. உங்களிடம் ஏ இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பாருங்கள். கார் ஓட்டுகிற பலர் "லைசென்ஸ் இருக்கிறதுதானே" என்று போய்விடுகிறார்கள். பிறகு கொழும்பு 3இல் இருக்கிற ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அது 1904இல் தொடங்கிய பழைய சங்கம். கையில் வாங்கியதும் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கு முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே பாருங்கள். ஒரு வருடம் செல்லும்.

அதற்குள் இன்னொரு சிக்கல். நம்முடையது 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி கொடுக்கிற பத்திரம். 1968இல் வியன்னாவில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. வியட்நாம் அந்த 1968 பத்திரத்தைத்தான் ஏற்கிறது. 1949 பத்திரத்தோடு அங்கே ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய மாதிரித்தான். வாடகைக் கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். காப்புறுதிக்காரர் கேட்பார், அதுவும் நீங்கள் கால் முறிந்து படுத்திருக்கும்போது.

காப்புறுதியையும் சொல்லிவிடுகிறேன். பயணக் காப்புறுதி எடுக்கும்போது மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சின்ன எழுத்தை வாசியுங்கள். சிலவற்றில் 125 சி.சி.க்கு மேல் என்றால் ஒரு சதமும் வராது. ஹெல்மெட் இல்லை, சரியான அனுமதிப்பத்திரம் இல்லை என்றாலும் வராது. தாய்லாந்தில் வாடகை பைக்குக்குக் கட்டாயக் காப்புறுதி இருக்கும், அது ஆட்களுக்குக் காயம் என்றால்தான், பைக் நசுங்கினால் உங்கள் பணம். பைக்கில் ஒட்டியிருக்கிற வரிச் சீட்டில் ஆண்டு 2569 என்று இருந்தால் மலைத்துப்போக வேண்டாம். அது அவர்களுடைய பௌத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2026.

பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், காசைப் பிணையாக வையுங்கள், கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள். எடுக்கும்போது பைக்கைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. எனக்கு ஒரு கடையில், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு அரை மணி நேரம் வாதாட வேண்டி வந்தது. கடைசியில் வீடியோதான் பேசியது.

காலம்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்லது, குளிரும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகை, எதிர்மலையே தெரியாது. மே முதல் ஒக்டோபர் வரை மழை.

மறுநாள் மனைவி பஸ்ஸில் போனாரா என்று கேட்பீர்கள். இல்லை. பாயில் ஒரு நாள் சும்மா இருந்தோம். அடுத்த நாள் காலையில் அவராகவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மே ஹொங் சோனுக்கு நிதானமாகப் போய் இரண்டு இரவு, மே சரியாங்கில் ஒரு இரவு. திரும்பும் வழியில் டோய் இந்தனோன் மலைக்கும் ஏறினோம். தாய்லாந்தின் மிக உயர்ந்த இடம் அது, 2,565 மீற்றர். நம் பிதுருதலாகலை 2,524. நாற்பத்தொரு மீற்றர்தான் வித்தியாசம் என்று நான் உச்சியில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன், மனைவி குளிருது என்று இறங்கிப் போய்விட்டார். 1,864 வளைவு என்று சொன்னேனே, அதை முடித்தவர்களுக்கு மே ஹொங் சோனில் ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை அவர் பெயரில்தான் வாங்கினோம். வரவேற்பறையில் தொங்குகிறது, என்னுடைய நில அளவைச் சான்றிதழுக்கு மேலே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். பொதி கட்டுவதைப் பற்றித் தனியாகப் பேச ஒரு தாளே எழுதி வந்தேன்.

சரி, ஓடிச் சொல்கிறேன். போவதற்கு ஒரு மாதம் முன்னால் இங்கேயே ஒரு ஒத்திகை ஓட்டம் பாருங்கள். அதே பை, அதே ஹெல்மெட், பின்னால் அதே ஆள். கொழும்பிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து 18 வளைவு வழியாக மஹியங்கனை, அங்கே ஒரு இரவு, மறுநாள் திரும்பி வருவது. அந்த வளைவுகளில் ஒன்றை வீதி அகலமாக்கும்போது நிமிர்த்திவிட்டார்கள், இப்போது பதினேழுதான். பெயர் மாறவில்லை. திரும்பி வந்ததும் பையில் தொடாத சாமான் எது என்று பார்த்து வெளியே எடுங்கள். பின்னால் இருந்தவரிடம் எங்கே நோகிறது என்று கேளுங்கள், சொல்வதை எழுதி வையுங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இறங்கப் பழகுங்கள். பனடோல், பிளாஸ்டர், ஓ.ஆர்.எஸ். பக்கெட், ஊசி நூல், மறக்காதீர்கள், ஊசி நூல். சின்ன ஊர்களில் பெற்றோல் நிலையம் இல்லாவிட்டால் கடை வாசலில் போத்தலில் விற்பார்கள், அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மழைக்கோட்டைப் பையின் அடியில் வைக்க வேண்டாம், மேலே வையுங்கள், நான் அடியில் வைத்து... தம்பி சிவப்பு விளக்கைக் காட்டுகிறார். வணக்கம்.