ஏச்சு விழுந்த தேதி

(கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பெண் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும் அண்ணன்மாரே, வணக்கம்.

இந்த மாவட்டத்தில் மைக் பிடித்தவர் யாரும் தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நானும் சொல்லிவிடுகிறேன். நாடார் பெண்கள் மார்பை மறைக்க மேலாடை போடக் கூடாது என்றிருந்த காலம் அது. 1859-ல் போட்டுக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அதற்கு முன்பே குப்பாயம் என்ற சட்டைக்கு அனுமதி தந்த உத்தரவுகளும் உண்டு. சந்தைக்குப் போன பெண்ணின் சீலையைப் பிடித்து இழுத்தவன் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டா இழுத்தான்? இன்று நான் பேசப்போவதும் ஒரு காகிதத்தைப் பற்றித்தான். வேலை இடத்தில் உங்களுக்கு நடக்கும் தொல்லையைத் தேதி போட்டு எழுதி வைக்கும் காகிதம். அதை நீங்களே எழுத வேண்டும்.

நான் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு மேனேஜர். முதல் ஆறு மாதம் நல்ல மனிதர்தான். அப்புறம் ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவிக்குப் போய்வருவோமா, நீயும் நானும் மட்டும்" என்றார். சிரித்துக்கொண்டே முடியாது என்றேன். இரண்டாவது முறை கேட்டார். சிரிக்காமல் முடியாது என்றேன். அடுத்த வாரத்திலிருந்து நான் போட்ட பில் எல்லாம் தப்பு, நான் வந்த நேரம் எல்லாம் தாமதம். வாடிக்கையாளர் முன்னால் ஏச்சு. உட்கார்ந்தால் ஏச்சு. (உட்கார இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். என் முழங்காலுக்கு அது கொஞ்சம் பிந்திவிட்டது.)

நான்கு மாதம் பொறுத்து முதலாளியிடம் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எப்போ நடந்தது?" ஓணத்துக்குப் பிறகு என்றேன். எந்த நாள் என்றார். தெரியவில்லை. மேனேஜர் ஒரு ஃபைலைத் திறந்தார். என் பில் தப்புகள் ஒவ்வொன்றும் தேதியோடு, கையெழுத்தோடு இருந்தன. அவரிடம் தேதி இருந்தது, என்னிடம் அழுகை இருந்தது. சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நானே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று என் கையில் ஒரு நோட்டு இருந்திருந்தால் முதலாளி என்ன பார்த்திருப்பார்? அருவிக்கு அழைத்தது இந்தத் தேதி, மறுத்தது இந்தத் தேதி, முதல் பில் தப்பு அதற்கு ஐந்தாம் நாள். வரிசையே கதையைச் சொல்லியிருக்கும்.

2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இந்த வரிசையைத்தான் பார்க்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆபாசப் பேச்சு, படம் காட்டுதல், விருப்பமில்லாத அழைப்பு எல்லாம் அதில் அடங்கும். அதோடு சேர்த்து வேலையை வைத்து மிரட்டுவது, வேலை இடத்தை நரகமாக்குவது, இவையும் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. முதலில் வழிந்துவிட்டு, மறுத்த பிறகு விழுந்து கடிக்கிற ஆளின் அந்தக் கடியும் புகாருக்குள் வரும்.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். குழு வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த கடை என்றாலோ, தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் சமூகநலத் துறையைக் கேளுங்கள், வழி சொல்வார்கள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை, தயவு இல்லை. "பேசி முடித்துக்கொள், ஏதாவது வாங்கிக்கொள்" என்று யாராவது வந்தால், சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கூடாது என்று சட்டமே சொல்கிறது. புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப்புகார் ஆகிவிடாது. போலீசுக்குப் போகும் வாசலும் திறந்தே இருக்கிறது.

இனி அருவியும் இல்லை, வழிசலும் இல்லை, வெறும் ஏச்சுதான் என்றால்? உள்ளதைச் சொல்கிறேன். கத்துகிற மேனேஜரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. தப்புச் செய்தால் திட்டுகிறவரை எல்லாம் கொடுமைக்காரர் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஏச்சு தனியாக வருவதில்லை, கூலியைத் தொட்டுக்கொண்டுதான் வரும். என் அம்மை அண்டி ஆபீஸில், அதுதான் முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். கொட்டை எண்ணெய் பட்டு விரல் வெந்து கிடக்கும், அதில் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார். அங்கே கோபம் வாயால் வராது, தராசால் வரும். பிடிக்காதவளின் பருப்பில் நொறுங்கல் கூடிவிடும், எடை குறைந்துவிடும். அம்மைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, இருந்தும் உடைத்த கிலோவைக் கரியால் சுவரில் கோடு போட்டு வைத்தார். சனிக்கிழமை சம்பளத்தின்போது அந்தக் கோட்டுக் கணக்கைச் சொல்லிச் சண்டை போடுவார். கணக்கு வைத்திருக்கிறவள் என்று தெரிந்த பிறகு அவர் தட்டில் எடை குறையவே இல்லை. பில் தப்பு ஃபைலுக்கு முன்னால் நின்று அழுத மகளுக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது, என்ன சொல்ல!

அதனால் கூலிக் குறைப்பு, விடுப்பு மறுப்பு, வாட்ஸ்அப் ஏச்சு எல்லாவற்றையும் அன்றைக்கு அன்றே எழுதுங்கள். நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர். "மோசமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். என்ன பேசினாரோ அதையே எழுதுங்கள், கூச்சமாக இருந்தாலும். மெசேஜை அழிக்க வேண்டாம். ஆத்திரத்தில் பதிலுக்குத் திட்டியும் எழுத வேண்டாம், அதை அவர்கள் பத்திரமாக வைப்பார்கள். நோட்டு வேலை இடத்தில் இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கட்டும். புகார் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்.

ராஜினாமா மட்டும் அந்த நிமிடத்தில் எழுதாதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குப் பதில் சம்பளமோ இல்லாமல் கடையிலிருந்து அனுப்ப 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் சட்டம் பொதுவாக விடாது. அனுப்பினால் மேல்முறையீடு உண்டு. நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கதவை நீங்களே சாத்தியது மாதிரி. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அன்று எனக்கு வாயில் வரவில்லை. வக்கீல் செலவு பயமுறுத்தினால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். போன் 15100. பெண்கள் உதவிக்கு 181.

சாயா வந்துவிட்டது போலிருக்கிறது. மேசையில் நோட்டுகள் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேச வேண்டியவர்கள் மாடிப்படிப் பக்கம் வாருங்கள். தம்பி, மைக்கை அணைத்துவிடப்பா.