பின்னலில் இரண்டு விரல்கடை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண் கவிஞர்கள் மனநலத்தை எழுதும் விதம் பற்றி இன்று பேசலாம். பாராட்டுரை அல்ல, பட்டறைப் பேச்சு.

'மனச்சோர்வு' என்ற சொல்லைப் போட்டதும் கவிதை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அது மருத்துவச் சீட்டுக்கான சொல். கேட்பவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அதை விட்டுவிட்டுத் தலைமுடியைப் பாருங்கள். கறுப்பினப் பெண்கள் பலர் செயற்கை முடி சேர்த்துச் சன்னமாகப் போடும் பின்னல்களைப் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் அவிழ்ப்பார்கள். முடி மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ஒருத்தி நான்கு மாதம் அவிழ்க்காமல் அப்படியே விட்டால், மண்டைத்தோலுக்கும் பின்னல் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு விரல்கடைக்குப் புதுமுடி நிற்கும். உதிர்ந்த முடியும் அழுக்கும் சேர்ந்து அங்கே சிக்குப் பிடிக்கும். அந்த இரண்டு விரல்கடையை மட்டும் எழுதுங்கள். அவள் எத்தனை நாளாகத் தன்னைக் கவனிக்கவில்லை என்பது அந்தச் சமூகத்து வாசகிக்குச் சட்டென்று புரியும். 'எதையும் தாங்குபவள்' என்று கறுப்பினப் பெண்ணுக்கு ஊர் கொடுத்த பட்டமும் அங்கேயே கழன்று விழும்.

பாப் நட்சத்திரங்களை உள்ளே கொண்டுவரும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். மேடை, உடை, ஒளி என்று போய் ரசிகர் கடிதமாகிவிடும். மார்கன் பார்க்கர் 2017இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே பியான்சேயின் பெயர் உண்டு. ஆனால் உள்ளே அந்தப் பெயர் பல இடங்களில் முகமூடிதான். உலகமே பார்க்கும் ஒருத்தியின் வாயில் யாரும் பார்க்காத ஒருத்தியின் சோர்வு பேசுகிறது. உங்கள் கவிதையில் நட்சத்திரத்தின் பெயரை அடித்துவிட்டு வாசியுங்கள். எதுவும் குலையவில்லையா? அப்படியானால் அது வெறும் ஜிகினா, எடுத்துவிடலாம். பாட்டு வரிகளை அப்படியே எடுத்தாள்வது வேறு தலைவலி: அச்சுக்குப் போகும்போது உரிமையாளரின் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

சொந்த வலியை எழுதினால் வரிகள் கரை உடைக்கும். அதற்கு ஓர் அணை இருக்கிறது. 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் குவெண்டலின் புரூக்ஸ். அவருடைய புகழ்பெற்ற ஒரு கவிதையில் எட்டே வரி, 24 சொல், எல்லாமே ஓரசைச் சொற்கள். முதல் ஏழு வரியும் 'நாங்கள்' என்பதில் முடியும். எட்டாவது வரியில் சாவு வருகிறது, 'நாங்கள்' இல்லை. அந்தக் கவிதையிலிருந்து கவிஞர் டெரன்ஸ் ஹேய்ஸ் 'கோல்டன் ஷவல்' என்ற வடிவத்தை உருவாக்கினார். வேறொருவர் கவிதையில் பிடித்த ஓர் அடியை எடுத்து, அதன் சொற்களை வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் அந்தந்தச் சொல்லில் முடிய வேண்டும். பத்துச் சொல் என்றால் பத்து வரி. அதற்குமேல் புலம்ப இடமில்லை. மூல ஆசிரியரின் பெயரைக் கீழே குறிப்பது மரபு.

தமிழில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் சின்ன இடைச்சொல்லில் வரி முடிந்தால் மூச்சு தொங்கும். நம்மிடம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், வினைமுற்று கடைசியில் வந்து கதவைச் சாத்திவிடும். அதனால் வினைமுற்று குறைந்த அடியாகப் பார்த்து எடுங்கள்.