உறையில் இருப்பது ஓர் ஊரின் பெயர்

அவையோருக்கு வணக்கம். கேட்பரி கம்பெனியின் போர்ன்வில் என்ற கசப்புச் சாக்லேட்டின் உறை இது. பிள்ளைகள் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இதுதான். உறையில் அச்சிட்டிருப்பது ஓர் ஊரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1824-ல் ஜான் கேட்பரி பர்மிங்காமில் தேயிலை, காப்பி விற்கும் கடை வைத்தார். நம் மதுரைக் கீழமாசி வீதிப் பலசரக்குக் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். அன்றைக்கு அவர்களுக்கு ஆக்ஸ்போர்டில் பட்டம் கிடையாது; ஆயுதம் தொடுவது அவர்கள் மதத்துக்கே ஆகாது. மிஞ்சியது வியாபாரம். மதுவுக்கு மாற்றாக அவர் விற்ற பானம் கொக்கோ.

மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் 1861-ல் பொறுப்பேற்றபோது தொழில் படுத்துக் கிடந்தது. அப்போதெல்லாம் கொக்கோவின் கொழுப்பை மறைக்க மாவைக் கலப்பார்கள். இவர்கள் 1866-ல் டச்சுப் பிழிபொறியைக் கொண்டு கொழுப்பைப் பிழிந்தெடுத்து, கலப்பில்லாத தூளை விற்றார்கள். நம் செக்கு வேலைதான். ஆனால் இங்கே பிண்ணாக்குக்குத்தான் மவுசு! பிழிந்த வெண்ணெயும் வீணாகவில்லை, தின்னும் சாக்லேட்டுக்குப் போனது.

1879-ல் ஆலையை ஊருக்கு வெளியே போர்ன் ஓடைக்கரைக்கு மாற்றினார்கள். பிரெஞ்சுச் சாக்லேட்டுக்கு மதிப்பு இருந்த காலம். அதனால் ஓடையின் பெயரோடு 'வில்' என்ற பிரெஞ்சு வாலை ஒட்டிவிட்டார்கள். கெட்டிக்கார வியாபாரிகள்! 1895 முதல் பக்கத்திலேயே தோட்டம் வைத்த வீடுகள் எழுந்தன. மதுக்கடைக்கு இடமில்லை. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி உங்கள் நினைவுக்கு வரும். ஒரு வேறுபாடு: போர்ன்வில்லில் ஆலைக்கு வெளியே வேலை பார்ப்பவரும் குடியேறலாம்.

அந்த ஊர்ப் பெயரில் கசப்புச் சாக்லேட் வந்தது 1908-ல். அதே ஆண்டில் லண்டன் பத்திரிகை ஒன்று சந்தி சிரிக்க எழுதியது: தொழிலாளிக்குத் தோட்டவீடு கொடுப்பவர்கள், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவில் அடிமைகள் பறித்த கொக்கோவை வாங்குகிறார்களே! கேட்பரி காதுக்கு அந்தச் செய்தி 1901-லேயே எட்டியிருந்தது. ஆளனுப்பி விசாரித்தார்கள், அரசாங்கத்திடம் பேசினார்கள். கொள்முதலை மட்டும் 1909 வரை நிறுத்தவில்லை. எட்டு ஆண்டு என்பது விசாரணைக்கு நீளம்தான் என்பது என் கட்சி.

அந்தப் பத்திரிகை மேல் கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909-ல் தீர்ப்பும் அதன் பக்கமே வந்தது. ஜூரிகள் கொடுக்கச் சொன்ன இழப்பீடு ஒரே ஒரு பார்த்திங். அதாவது, கால் பென்னி.